இடம் தவறாத ஃபைல்

"இது சர்வரா, சந்தைக்கடையா?" மேடம் திரையில் தட்டினார். "புரோகிராம் எந்த ஃபோல்டர்ல இருக்கணும்?"

"'பின்'ல, மேடம்."

"அதோட செட்டிங்ஸ் ஃபைல்?"

"'ஈடிசி'ல."

"வாய் கிழியப் பேசுறீங்க. ஆனா வைக்கிறது என்னமோ அவங்கவங்க சொந்த ஃபோல்டர்ல. சில பேர் 'டெம்ப்'லயே போட்டு வச்சிருக்கீங்க. மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போட்டா அத்தனையும் காத்தோட போயிடும்னு தெரியாதா?"

சர்வர் பிரிவின் ஐந்து பேரில் நான்கு பேர் தலை குனிந்து நின்றார்கள். முந்திரிக்கொட்டை மட்டும் நிமிர்ந்தே நின்றான். அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் அது. உதவித் தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அது தனக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லியும் விட்டான்.

மேடத்தின் குரல் திடீரென்று கனிந்தது.

"ஆனா இதைப் பாருங்க. புரோகிராம் 'பின்'ல. செட்டிங்ஸ் 'ஈடிசி'ல. ஒவ்வொரு வரிக்கும் மேல, இது எதுக்குன்னு ஒரு குறிப்பு. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுங்கிறதால யார் வச்சதுன்னுதான் தெரியல. யாரு? இப்படிப்பட்ட ஆளைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்."

முந்திரிக்கொட்டைக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையில் இவ்வளவு ஒழுங்கு ஒருத்திக்குத்தான் உண்டு. பக்கத்தில் நிற்கிற வாயில்லாப்பூச்சிக்கு. அவள் எழுதிய இரண்டு புரோகிராம்களைப் போன வருடம் தன்னுடையவை என்று காட்டி அவன் பாராட்டு வாங்கியிருந்தான். அப்போதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம்தான். ஆனால் வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்?

கடைக்கண்ணால் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மேடம்."

"நிஜமாவா? முழுக்க நீங்களேவா?"

"வேற யாரும் கை வைக்கல, மேடம். எனக்கு எல்லாமே அதனதன் இடத்துல இருந்தாகணும்."

மேடம் பெருமூச்சு விட்டபடி கண்ணாடிக் கதவைத் திறந்தார். வெளியே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"நம்ம வாடிக்கையாளர்களோட விவரத்தை எல்லாம் மூணு மாசமா வெளிய கடத்தினது இந்தப் புரோகிராம்தான். ஆளே ஒத்துக்கிட்டாரு. கூட்டிட்டுப் போங்க."

முந்திரிக்கொட்டை ஓரடி பின்வாங்கினான். "ஐயோ மேடம், நான் சும்மா சொன்னேன்... இது நான் எழுதினதே இல்ல... இவங்கதான்..." என்று பக்கத்தில் கை நீட்டினான்.

வாயில்லாப்பூச்சி நிமிர்ந்தாள். அவள் குரலை அந்த அறை அன்றுதான் தெளிவாகக் கேட்டது.

"போன வருஷம் அவர் எழுதிப் பாராட்டு வாங்கினாரே ரெண்டு புரோகிராம், அதையும் இதையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பாருங்க மேடம். மூணும் ஒரே கை எழுதினதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்."