அட்டையின் மூலை

"என் பேரைப் போடுங்க சார்."

என்னைப் போன்ற தற்காலிக உதவியாளர்கள் கேட்கவே கூடாதது அது. எங்கள் அகராதித் துறையில் சொல் அட்டையை யார் எழுதினாலும், பதிப்பாசிரியர் சற்குணம் சார் சொல்லும் பெயர்தான் அதன் மூலையில் ஏறும். 'கேமரா' அட்டைக்கு எட்டு மாதம் உழைத்தவள் நான். லத்தீனில் அது வளைந்த கூரை, இத்தாலியனில் அறை, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது படம் பிடிக்கும் கருவியாக. மூலையிலோ, உடன் வேலை பார்க்கும் மைதிலியின் பெயர். அடுத்த வாரம் ரோம் மாநாட்டில் அதை வாசிக்கப்போவதும் அவளே.

"உனக்கு இத்தாலியன் பேச வராதேம்மா," என்றார் சார்.

"கோவிச்சுக்காதடி, உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்றாள் மைதிலி.

வீட்டில் அவளுக்குத் தனி அறை உண்டு, சுவர் முழுக்க அப்பா வாங்கித் தந்த அகராதிகளோடு. எங்கள் வீட்டில் ஐந்து பேர் படுக்கும் ஒற்றை அறையில், அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து நான் எழுதிய சொல்லும் அவளுக்கு வேண்டியிருக்கிறது.

அட்டையில் இருந்த அவள் பெயரை அடித்தேன். 'செல்லக்கனி' என்று எழுதினேன். என் இழுப்பறைச் சாவியை சாரின் மேசையில் வைத்தேன்.

"அட்டைய வச்சிட்டுப் போம்மா!"

"வேணும்னா அவள இத்தாலியன்ல கேக்கச் சொல்லுங்க சார்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு, அட்டையோடு படியிறங்கினேன்.