மேற்குச் சுவர்

"யாரைக் கேட்டு இந்த ஜன்னலை எடுத்தீங்க?"

மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த பை இன்னும் வேதாவின் தோளில்தான் இருந்தது. புது வீட்டுச் சமையலறையில் நின்று கத்தினாள்.

மேற்குப் பக்கம் வெறும் சுவர். செங்கல் மேல் செங்கல். கை நுழைய ஒரு சந்துகூட இல்லை.

அப்பா சடையன் தலையைச் சொறிந்தார். "என்னைக் கேக்காதம்மா. உன் பிளான்படிதான் மேஸ்திரி கயிறு கட்டினாரு. மறுநாளே உங்கம்மா மாத்தச் சொல்லிட்டா. ஏன்னு அவளையே கேளு."

பச்சையம்மாள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய கூலி வரிசை வீடுகளில், ஒரே ஒரு அறை. சமைப்பதும் அதில்தான், படுப்பதும் அதில்தான். ஆனால் கதவைத் திறந்தால் எதிரே மலை.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்குப் போகச் சொன்னார்கள். மண்டபம் முகாமில், "எந்த ஊர்ப் பக்கம் போறீங்க?" என்று அதிகாரி கேட்டபோது பச்சையம்மாள்தான் பதில் சொன்னாள்.

"மலை தெரியற ஊரா இருந்தா போதுங்க."

அப்படித்தான் திருவண்ணாமலைக்கு வந்தார்கள். சடையனுக்கு ஆசிரமத்துப் பக்கம் டீக்கடையில் வேலை கிடைத்தது. வாடகை வீடு ஒரு சந்துக்குள் கிடைத்தது. ஊரெல்லாம் தேடி வந்து கும்பிடுகிற மலை, அந்த வீட்டிலிருந்து மட்டும் தெரியாது. தண்ணீர் பிடிக்கப் போகிறபோது பச்சையம்மாள் குடத்தை வைத்துவிட்டுத் தெருமுனையில் கொஞ்சம் நிற்பாள். அவ்வளவுதான்.

அந்தச் சந்து வீட்டில் படித்துத்தான் வேதா கல்லூரிக்குப் போனாள். குடும்பத்தில் அவள்தான் முதல் ஆள். கட்டடக்கலை. "வீடு கட்டுற படிப்பு" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள்.

ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் துண்டு மனை ஒன்று அமைந்ததும் வேதா கேட்டாள். "உனக்கு வீடு எப்படி இருக்கணும்மா? சொல்லு, வரையறேன்."

"அடுப்புகிட்ட நின்னா மலை தெரியணும்."

வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

அந்த ஜன்னலைத்தான் வேதா முதலில் வரைந்தாள். பிறகுதான் அதைச் சுற்றி வீட்டை வரைந்தாள். மேற்கே பக்கத்து மனையில் காசியம்மாளின் குடிசை. அந்தக் கூரைக்கு மேலே மலை தெரிகிற மாதிரி உயரம் பார்த்து, எல்லையிலிருந்து தள்ளி, சுவருக்கு இடம் விட்டாள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, கரண்டியும் கையுமாக அம்மா அந்த ஜன்னலில் நிற்பது அவள் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது விட்ட இடமும் இல்லை, ஜன்னலும் இல்லை. சுவர் எல்லைக்கே போய்விட்டது.

"நீ கேட்டதுதானேம்மா? ஏன் மாத்தினே?"

"காத்து ஜாஸ்தி அடிக்குது. அடுப்பு அணைஞ்சு போகும்."

"ஜன்னலுக்குக் கதவு இருக்கே! நெசத்தைச் சொல்லு."

பச்சையம்மாள் குழம்பைக் கிளறினாள். "எடத்தை விட்டா அந்தக் காசியம்மா புடிச்சுக்குவா. அதுவுமில்லாம, தெனம் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு எவ சமைப்பா?"

அதுதானா!

காசியம்மாளுக்கும் அம்மாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. மனைக்குக் கல் நட்ட அன்றே, "எங்கிருந்தோ கப்பல்ல வந்ததுங்க, நம்ம ஊர்ல எடம் புடிக்குதுங்க" என்று தெருவே கேட்கச் சொன்னவள் அவள். அம்மாவும் சும்மா விடவில்லை.

"ஒரு வாய்ச் சண்டைக்காக மலையையே மறைச்சுக்கிட்டியா? லயத்துலதான் சுவரோட சுவர் ஒட்டிக்கிட்டுக் கெடந்தோம். இங்கயும் ஒட்டியே கட்டிட்டியே! அப்புறம் நான் எதுக்கும்மா படிக்கிறேன்?"

வேதா தோளிலிருந்த பையைத் தரையில் போட்டாள்.

"கை கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்றாள் பச்சையம்மாள்.

வேதா சாப்பிட உட்காரவில்லை. நேரே பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். வாசலில் காசியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கோபத்துல உங்க பக்கம் ஜன்னலே இல்லாம அடைச்சிட்டாங்க. படிச்ச பொண்ணு நான் இருந்தும் இப்படி ஆயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

முறம் நின்றது.

"கோவத்துலயா? உங்கம்மா அப்பிடியா சொல்லிச்சி?"

"ஆமாங்க."

காசியம்மாள் வேதாவின் முகத்தையே பார்த்தாள். அவள் கண் கலங்கியது. "உள்ள வா கண்ணு" என்றாள்.

உள்ளே அவள் மகள் சரசு தாவணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"ஐப்பசி மழையில குடிசை மொத்தமா விழுந்துட்சி. வயசுக்கு வந்த பொண்ண வச்சிக்கினு, பழைய சேலையைக் கட்டி மறைச்சிக்கினு கெடந்தோம். நானும் இவளுமா மண்ணைக் கொழைச்சிக் கொழைச்சி வச்சோம். அதுக்கு மேல எங்களால முடியல. உங்க வீட்டுக்குக் கயிறு கட்டின அன்னிக்கு உங்கம்மா வந்து இதைப் பாத்துச்சி."

வேதா சுற்றிலும் பார்த்தாள். கையால் பூசிய மண்சுவர்கள். கிழக்குப் பக்கம் மட்டும் செங்கல். கூரையின் மூங்கில்கள் அதன் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

காசியம்மாள் அந்தச் செங்கல்லில் கையை வைத்தாள்.

"நாங்க எழுப்பினது மூணு சுவருதான் கண்ணு. இது உங்க வீட்டுது."