ஆஸ்ட்பி வீட்டுத் தண்ணீர்

இதில் ஒரு சொல் பொய்யென்றால், வரும் ஜனவரியில் உறைந்த ஏரிமேல் ஓட்டிப் போகும்போது பனி உடைந்து என் பிக்கப் வண்டி என்னோடு சேர்ந்து உள்ளே போகட்டும். மின்னசோட்டாவில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

ரெனே தன் குழந்தையைக் குளியல் தொட்டிக்குள் இறக்கினாள்.

தொட்டி காலியாக இருந்தது.

காலி என்று யாரும் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா கில்மர் ஆஸ்ட்பி, கையில் துண்டோடு வாசற்படியில் நின்றார். குழாயைத் திருகிவிட்டு, ஒரு தொட்டி நிரம்புகிற நேரம் காத்திருந்து, மூடியவரும் அவர்தான். குழாய் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. கண்ணுக்குத் தெரிந்து வேறொன்றும் வரவில்லை.

தொட்டிக்குள் பார்க்காமல் மகளின் முகத்தையே பார்த்தபடி நின்றார். பைகள் இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை.

முன்பெல்லாம் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் துருவின் நிறத்தில் வரும். அழுகின முட்டை நாற்றம் வேறு. அதெல்லாம் பழகிப்போனது. ஆனால் சோள வயல்களுக்குப் போடும் உரமும் அதில் இறங்கியிருந்தது. பெரியவர்கள் குடித்தால் தெரியாது. அதில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரித்துவிடும்.

"உரிமம் இருக்கற ஆளா கூப்பிட்டுச் சரிபண்ணுங்கப்பா. அதுவரைக்கும் ஆண்டர்ஸ் அங்க வரமாட்டான்" என்று மினியாப்பொலிஸிலிருந்து ரெனே சொல்லிவிட்டாள்.

ஆண்டர்ஸ், கிறிஸ்துமஸுக்குப் பிறந்த பேரன். வயலில் சோளம் இடுப்பு உயரம் வந்துவிட்டது. கில்மர் அவனை இன்னும் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தார்.

தீவனக் கடைச் சுவரில் பிளாட்ஸ் என்ற கிணற்று ஒப்பந்தக்காரரின் பெயர் ஒட்டியிருந்தது. கில்மர் மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் உள்ள அரசு அலுவலகத்தைக் கூப்பிட்டு, அந்த ஆளுக்கு உரிமம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள் அங்கிருந்த பெண். அதற்கு மேல் குடைவது மரியாதையில்லை. அங்கே மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பிளாட்ஸ் பெரிய லாரியில் வந்து இறங்கினார்.

"என்ன விஷயம்?"

"பெருசா ஒண்ணுமில்ல. கிணறு கொஞ்சம் தொல்லை குடுக்குது. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பாத்து முடிச்சுடுங்க."

வந்த ஆளிடம் வேலை சொல்லிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பிளாட்ஸும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ரகமில்லை. வேலையை முடித்துவிட்டு, காப்பியை இரண்டு முறை வேண்டாமென்று சொல்லி மூன்றாம் முறை வாங்கிக் குடித்தார்.

"இனிமே இந்தக் கிணத்தால உங்களுக்கு ஒரு தொல்லையும் வராது" என்றார்.

வரவில்லை. கறை போச்சு, நாற்றம் போச்சு. அந்த வாரம் முழுக்கக் கில்மரும் அவர் மனைவி லவானும் தம்ளரை அண்ணாந்து குடித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேசைமேல் வைத்தார்கள். தாகம் தீர்ந்தது என்றே இருவரும் சொன்னார்கள். காப்பி மட்டும் கொஞ்சம் கட்டியாக வந்தது.

இப்போது ரெனே, குழந்தையின் முதுகுக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள்.

குழந்தை கீழே போகவில்லை.

தொட்டியின் தரைக்கு ஒரு சாண் மேலே, மல்லாந்து, அப்படியே நின்றான். தலைமயிர் நாலாபக்கமும் மெல்ல விரிந்து அசைந்தது. அவன் காலை உதைத்தபோது மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து அவன் காதோரம் ஏறி இறங்கியது.



"நல்ல தெளிவு, இல்ல?" என்றாள் லவான்.

"நாத்தமும் இல்ல பாரு" என்றார் கில்மர்.

அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

ரெனே வாத்தைப் பார்த்தாள். வாத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த ஒன்றுமில்லாததைப் பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்கும்மா" என்றாள்.

எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான சொல்லைப் பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் எடுத்ததில்லை. கில்மரின் கையில் துண்டு கசங்கியது. அடுத்த சொல்லில் அவள் கிளம்பிவிடுவாள். சோளம் அறுத்து, பனி விழுந்து, இன்னொரு கிறிஸ்துமஸும் வந்துவிடும்.

குழந்தை திரும்பி அவரைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். இரண்டு கையாலும் ஓங்கி அடித்தான்.

மூவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். கை நனைந்ததா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"இந்தாங்கப்பா, பிடிங்க."

முதல்முறையாகப் பேரன் அவர் கைக்கு வந்தான். திரையில் பார்த்ததைவிட நல்ல கனம். ஏரியில் பிடித்த மீன்போலக் குளிர்ந்திருந்தான். அவன் குதிகாலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ தரையில் விழுகிற சத்தம் கேட்டது. தரையில் ஒன்றும் விழவில்லை.

"என்னப்பா, அழறீங்களா?"

"சோப்பு" என்றார். சோப்பை இன்னும் யாரும் தொட்டிருக்கவில்லை.

ரெனே அவர் கையிலிருந்த துண்டை வாங்கிக் குழந்தையைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு, "சரி, அம்மா, காரைத் திறந்து பையெல்லாம் இறக்கு. கோடை முடியறவரைக்கும் இருக்கோம்" என்றாள்.

அந்தக் கோடை முடிகிறவரைக்கும் இருந்தார்கள். குழந்தை நன்றாகக் கொழுத்தான்.

ஆஸ்ட்பி வீட்டுக் கிணற்றில் அந்தக் கோடை முழுக்க அடியிலிருந்து வாய்வரை சிமெண்ட்தான் இருந்தது. பிளாட்ஸ், வேண்டாத கிணறுகளை நிரப்பி மூடுகிற ஒப்பந்தக்காரர்.