விழாமல் நின்ற அம்பு

வட்டப் பலகையில் குறிபார்த்துச் சிற்றம்பு எறியும் டார்ட் ஆட்டக்காரன் ஒருவனிடம் மூன்று அம்புகள் இருந்தன. எப்போதும் முதலில் பறப்பது பெரியது, பிறகு நடுவிலது, கடைசியில் சின்னது. அன்று நாக்-அவுட் போட்டி. தோற்றவர் மூட்டை கட்டவேண்டியதுதான். பலகையின் விளிம்பில் உள்ள ஒல்லியான சிவப்புக் கட்டத்தில் ஓர் அம்பு குத்தினால் வெற்றி. மூன்றும் தவறினால் எதிராளி அடுத்த முறையிலேயே முடித்துவிடுவான்.

பெரியது பறந்தது. மயிரிழையில் தவறி, கட்டத்துக்கு மேலே கறுப்பில் போய்க் குத்தி நின்றது. கூட்டம் உச்சுக் கொட்டியது. நடுவிலது கட்டத்தின் ஓரக் கம்பியில் மோதித் தரையில் விழுந்தது.

கீழே விழுந்தவன் கொடுத்து வைத்தவன், இனி யார் கண்ணிலும் படமாட்டான் என்று நினைத்தது பெரியது. அதன் முனை லேசாகத்தான் பதிந்திருந்தது. கொஞ்சம் தளர்ந்தால் தானும் விழுந்துவிடலாம்.

"என்னப்பா, நழுவப் பாக்கறியா?" என்றது பலகை.

"எல்லாரும் என்னையே பாக்கறாங்க. மானம் போகுது."

"போனா போகட்டும். ஆட்டக்காரனும் உன்னைத்தான் பாக்கறான். உன்னை வச்சுத்தான் இப்போ குறி பிடிக்கறான். பேசாம நில்லு."

பெரியது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சின்னது கொஞ்சம் மேலேதான் வந்தது. பெரியதின் வயிற்றில் இடித்து, உரசிக்கொண்டே கீழே சறுக்கி, சிவப்புக்குள் இறங்கியது. அரங்கமே எழுந்து நின்று கத்தியது.

"பாத்தியாண்ணே? சும்மா நூல் பிடிச்ச மாதிரி வந்தேன்ல!"

பெரியதுக்கு உரசின இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தேன்டா," என்றது பெரியது. "நூல் பிடிச்ச மாதிரிதான் வந்தே."