ஒரு வாய் தின்னர்

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க மாப்பிள்ளை? தொண்டையில விரலை விட்டு வாந்தி எடுக்க வைங்க.”

மச்சான் கத்தியதில் தப்பில்லை. குடித்தது அவருடைய மூன்று வயது வாண்டு. சமையல் மேடையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டான். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை. பெயின்ட்டில் கலக்கும் தின்னர்.

அந்த வீட்டில் பெயின்டர் ஒருத்தன்தான். மச்சானின் தங்கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பவன். பழி வேறு யார் மேல் விழும்?

மச்சானின் மனைவி உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். பெயின்டர் டம்ளரை வாங்கி சிங்க்கில் கொட்டினான்.

“உன் தின்னரைக் குடிச்சுட்டு இருமுறான், இதையும் கொட்டுறியே தம்பி. நீ மனுசனா?”

“வாந்தி எடுத்தா தின்னர் நுரையீரலுக்குள்ள போயிடும்க்கா. டின்லயே போட்டிருக்கு.”

“ஒன்பதாவது தாண்டல, பேச்சு மட்டும் டாக்டர் பேச்சு,” என்றார் மச்சான்.

பெயின்டர் வாண்டுவின் நனைந்த சட்டையைக் கழற்றி, வாயைத் துடைத்து, நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். பாட்டிலையும் விடவில்லை.

டாக்டர் அதை மோந்து பார்த்தார். “வாந்தி எடுக்க வெச்சீங்களா?”

“இல்ல சார்.”

“உப்புத் தண்ணி, பால்?”

“ஒண்ணும் குடுக்கல.”

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆறு மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள்.

“நுரையீரல் சுத்தமா இருக்கு. வாந்தி எடுத்திருந்தா கதையே வேற. தடுத்தது யாரு?”

மச்சானின் மனைவி பெயின்டரைக் காட்டினாள். டாக்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையிலும் கொஞ்சம் பச்சை பெயின்ட் ஒட்டிக்கொண்டது.

வராந்தாவில் மச்சான் அவனை ஓரமாக இழுத்தார்.

“ஹெல்மெட்ல ஸ்டிக்கர் பசை போகலன்னு நான்தான் உங்க டின்லேர்ந்து பாட்டில்ல ஊத்தி வெச்சேன் மாப்பிள்ளை. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல.”

அதற்குள் அவள் பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாண்டு பெயின்டரிடம் தாவினான்.

“எம்புள்ளையக் காப்பாத்திட்டே, இல்லேங்கல. ஆனா தின்னரைப் போய் தண்ணி பாட்டில்ல ஊத்தி வெப்பியா தம்பி?”

பெயின்டர் மச்சானைப் பார்த்தான். மச்சான் தரையைப் பார்த்தார்.

“இனிமே அப்படி நடக்காதுக்கா,” என்றான்.