முப்பத்தேழாவது படம்

மனைவி தவறிப்போன மறுவாரம் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தினமும் காலை எட்டு மணிக்கு, சன்னலோரம் அவள் உட்காரும் நாற்காலியைப் பழைய பிலிம் கேமராவில் ஒரே ஒரு படம் எடுப்பது. ரோலுக்கு முப்பத்தாறு படம், முப்பத்தாறு நாள்.

முதல் ரோலைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், "முப்பத்தேழு விழுந்திருக்கு சார். சில ரோல்ல அப்படி ஒண்ணு கூட வரும்" என்றார்.

அந்தக் கடைசிப் படத்தில் நான் இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி யாரோ என்னை எடுத்த கோணம். மூலையை ஒரு விரல் மறைத்திருந்தது.

கேமராவைக் கொடுத்தால் அவள் விரல் லென்ஸுக்கு முன்னால் வந்துவிடும். "எத்தனை தடவ சொல்றது, விரல எடு" என்பேன்.

"ஊரையே எடுக்கிறீங்க. உங்கள எடுக்க என்னை விட்டா யாரு இருக்கா?" என்பாள்.

இரண்டாவது ரோலின் முப்பத்தேழாவது படம் அறை வாசலிலிருந்து எடுத்தது. நாற்காலி முன் குனிந்த என் முதுகு, மூலையில் விரல்.

மூன்றாவது ரோலில், தெருமுனையிலிருந்து. வீடு தீப்பெட்டி அளவு. சன்னலில் நான் ஒரு புள்ளி. விரல் மட்டும் அதே அளவு.

"நல்லாத்தான் எடுக்கிறீங்க. விரல மட்டும் பாத்துக்கங்க சார்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

நான்காவது ரோலில் முப்பத்தைந்து முடிந்துவிட்டது. இரண்டு வருடமாகக் காலை எட்டு மணிக்குக் கேமராவை எடுக்கிறேன், நாற்காலியைப் பார்க்கிறேன், அழுத்தாமல் மூடி வைக்கிறேன். முப்பத்தாறாவதை நான் எடுத்துவிட்டால் அடுத்தது அவள் முறை. தெருமுனையையும் அவள் தாண்டிவிட்டால் எங்கள் வீடு தெரியாது.