மூன்று நொடி

“நோயாளி இறந்தா கட்டில் காலி. காலியானா மெசேஜ் போகணும். நடுவுல டாக்டர் எதுக்கும்மா ஒரு பொத்தானை அழுத்தணும்?”

குழுத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. வார்டு, மருந்தகம், வரவேற்பு என்று அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர் எழுதிய புரோகிராம் மூன்றே நொடியில் நோயாளி வீட்டாரின் போன் வரை செய்தியை அனுப்பிவிடும். அதைத்தான் எதிரே உட்கார்ந்திருக்கும் இவள் ‘ஃபங்ஷனல்’ என்று ஏதோ புது வகைக் கம்ப்யூட்டர் மொழியில் மாற்றி எழுதுகிறேன் என்று ஆரம்பித்தாள். ஆறு மாதமாகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

“இப்போ ஒவ்வொரு மெஷினும் தன் பாட்டுக்குப் பேசுது சார். இந்த மொழியில, யாருக்கு அப்புறம் யார் பேசணும்னு மொத்தத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம். யாரும் முந்திக்க முடியாது.”

“டாக்டர் ஆயிரம் வேலையில மறந்துட்டார்னா?”

“காத்திருக்கட்டும் சார்.”

“எவ்வளவு நேரம்?”

“வீட்டுக்காரங்ககிட்ட அவர் நேர்ல சொல்ற வரைக்கும்.”

ஆபீசில் இவளுக்கு ‘சிக்னல் அக்கா’ என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டார். எதைக் கொடுத்தாலும் நிறுத்தி வைக்கிறாள். போன வருஷம் கணவர் தவறியதிலிருந்தே மனசு வேலையில் இல்லை. பாவம்தான். அதற்காக எத்தனை நாள் தாங்குவது?

“நாளையிலேர்ந்து இதை வேற ஆள் பார்க்கட்டும். மனசுல வச்சுக்காதம்மா.”

“சரி சார்.” அவள் எழுந்தாள். “ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதி வச்சிருக்கேன். அனுப்பறதுக்கு முன்னால ஒரு தடவை பார்த்துடுங்க.”

அவள் போனதும் வேண்டாவெறுப்பாகத் திறந்தார். ‘ஏன் இந்த மாற்றம்’ என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு சம்பவம்தான் இருந்தது.

‘மாலை 4.10: நோயாளியின் மனைவிக்குச் சென்ற செய்தி: கட்டில் 14 காலி. எங்கள் சேவை எப்படி இருந்தது?

மாலை 4.35: மரணத்தை மனைவியிடம் டாக்டர் தெரிவித்தார்.’

பக்கத்திலேயே செய்தி போன நம்பர். தினமும் அவர் கூப்பிடுகிற நம்பர். இப்போது எழுந்து போனவளுடைய நம்பர்.

அந்த இருபத்தைந்து நிமிஷமும் அவள் யார் யாரிடம் ஓடி என்னவென்று கேட்டிருப்பாள்?

அடுத்த பக்கத்துக்குப் போனார். அந்தச் செய்தியை அனுப்பிய பழைய புரோகிராமை வரி பிசகாமல் இணைத்திருந்தாள்.

எழுதியவர் என்ற இடத்தில் இருந்த அவர் பெயரை மட்டும் அழித்திருந்தாள்.